பேச்சி கட்டிய கயிறு

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு பிரேக்கில் லாக்கரைத் திறந்து போனை எடுத்தால், போலீஸ் எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறது. எனக்கு! பிள்ளைப்பாக்கம் செந்தாமரைக்கு! ஹெல்மெட் இல்லாமல் பால் பாக்கெட் வாங்கக்கூட வண்டியை எடுக்காதவள் நான். முந்தின நாள் காலையில், டவுனில் கோயில் தெருவில், நோ பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனேனாம். அந்த நேரத்தில் நான் யூனிஃபார்மும் தொப்பியுமாக லைனில் நின்றுகொண்டிருந்தேன். என் வண்டி கம்பெனி ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை.

அபராதம் ஐந்நூறு ரூபாய். அது போனால் போகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காமல் இருந்தால் சரியாகிவிடும். எனக்குப் பெரிய கவலை வேறு.

எங்கள் கம்பெனியில் அது சேஃப்டி மாதம். போன வருடம் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ரோட்டில் அடிபட்டதிலிருந்து மேனேஜ்மென்ட்டுக்குப் புது ஞானம். லைன் லீடர் வேலைக்கு மேலே பெயர் போயிருக்கிறவர்களின் வண்டிமீது அந்த மாதம் ஒரு அபராதமும் இருக்கக் கூடாது. கட்டித் தீர்த்திருந்தாலும் வந்தது வந்ததுதான், பெயரை அடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால், போனில் வண்டி நம்பரைப் போட்டு, ஒன்றும் இல்லை என்று வருகிற பக்கத்தை சூப்பர்வைசர் ஹேமந்த் சாரிடம் காட்ட வேண்டும். எட்டு வருடமாக நான் காத்துக்கொண்டிருந்த வேலை அது. யாரோ நோ பார்க்கிங்கில் நிறுத்தியதற்காக என் பெயர் அடிபடப் போகிறது.

லைன் லீடர் வேலை ஒன்று. போயிருக்கிற பெயர் இரண்டு. ஒன்று நான். இன்னொன்று பேச்சி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேச்சியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சும்மா புகைச்சல் இல்லை, நன்றாகத் திகுதிகுவென்று எரியும்.

எங்கள் கம்பெனியில் செய்வது காருக்குள் ஓடுகிற வயர்க் கட்டு. லைனின் கடைசியில் நிற்பவள் நான். ஒவ்வொரு கட்டும் என் கண்ணைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். எங்கே டேப் பிரிந்திருக்கிறது, எங்கே கிளிப் சரியாக உட்காரவில்லை என்று பார்த்துப் பிடிப்பதுதான் வேலை. செந்தாமரை கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. அது என்னைப் பாராட்டுகிற பேச்சு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. வேலைக்கு வந்த முதல் நாள் சர்ட்டிபிகேட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் பேசினாலும் கண்ணில் தண்ணீரோடு நின்றாள். நான்தான் கேன்டீனில் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தேன். டேப் சுற்ற நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்போது பாருங்கள், லைன் முழுக்க பேச்சி, பேச்சி! அவள் ஏதாவது சொன்னால் ஹேமந்த் சார் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஊருக்குப் போய் வந்தால் ஒரு டப்பா கருப்பட்டி மிட்டாய் கொண்டு வருவாள், அதைப் பற்றி ஒரு வாரம் பேச்சு ஓடும். நானும்தான் எட்டு வருடமாக மாங்காய்த் தொக்கு கொண்டு போகிறேன். வழித்து நக்குவார்களே தவிர, ஒரு ஆள் வாயிலிருந்தாவது நல்லாயிருக்கிறது என்று வந்ததுண்டா?

வண்டி விஷயமும் அப்படித்தான். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலை ஏற்றினால் இறங்காது, இறக்கினால் ஏறாது. அதில் வெந்தது போதும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் லைனில் ஆறேழு பேர் சேர்ந்து, தீபாவளி ஆஃபரில் ஒரே கடையில் ஸ்கூட்டர் எடுத்தோம். நான் மெரூன் கலர் என்றேன். "அக்கா எடுக்கிற கலருதான் எனக்கும்" என்றாள் பேச்சி. அன்றைக்கு அது இனிப்பாக இருந்தது. நம்பரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. என்னுடையது நாற்பத்தேழு பதின்மூன்று, அவளுடையது நாற்பத்தேழு பதினெட்டு. இரண்டு வருடத்தில் என் வண்டியின் பின்பக்கம் முழுக்கக் கீறல். என் வீட்டுக்காரர் அன்பு தண்ணீர் கேன் வியாபாரம் பார்க்கிறார், அவசரத்துக்கு என் வண்டியிலும் கேனைக் கட்டுவார். பேச்சியின் வண்டியோ ஷோரூமிலிருந்து நேற்று இறங்கியது மாதிரி நிற்கும். ஷெட்டில் அதன் பக்கத்தில் என் வண்டியை நிறுத்தவே எனக்குப் பிடிக்காது. ஆனாலும் தினமும் அங்கேதான் நிறுத்துவேன்.

எங்கள் பெயர்களைப் போர்டில் ஒட்டின அன்று ஷெட்டில் அவளைப் பார்த்து, "வண்டி இன்னும் புதுசாவே கீதே பேச்சி" என்றேன். சத்தியமாக நல்ல மனதோடுதான் சொன்னேன். சரி, முக்கால்வாசி நல்ல மனது. மறுநாள் ஒரகடம் ரோட்டில் லாரி கொட்டிப் போன மணலில் சறுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் அவள் வண்டியின் பின்கம்பியில் திருஷ்டிக் கயிறு தொங்கியது. கன்னங்கரேலென்று விரல் தடிமனில் பின்னின கம்பளிக் கயிறு, நுனியில் ஒரு சோழி.

அது யார் கண்ணுக்கு என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லைனில் இருந்த பெண்கள் கயிற்றைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அன்றிலிருந்து நானும் பேச்சியும் பேசிக்கொள்வதில்லை.

மெசேஜ் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் போனை அன்புவிடம் நீட்டினேன். மெசேஜில் இருந்த லிங்கைத் தொட்டால் போட்டோ வரும் என்று அவர்தான் சொன்னார்.

"இன்னாடி, கோயில் தெருவுல இன்னா வேலை உனக்கு?"

"நா எங்கய்யா போனேன்? லைன்ல நின்னுகினு இருந்தேன்."

"அப்போ வண்டி தனியா சாமி கும்புட போச்சா?"

"யோவ், எரியிற வயித்துல எண்ணெய ஊத்தாத. நீ எதுனா எடுத்துகினு போனியா?"

"நானா? உன் சாவிய தொட்டாலே நீ கைய ஒடைப்ப."

போட்டோ வந்தது. ஜெராக்ஸ் கடை வாசல். நோ பார்க்கிங் போர்டுக்கு நேர் கீழே, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஒரு மெரூன் ஸ்கூட்டர். நாற்பத்தேழு பதின்மூன்று. "உன்னுதுதான்டி" என்று அன்பு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நான் விடவில்லை. பார்த்துப் பிடிப்பதுதானே நம் பிழைப்பு. விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். பின்பக்கத்தில் கேன் உரசின கீறல் ஒன்றுகூட இல்லை. கழுவித் துடைத்து வைத்தது மாதிரி பளபளவென்று இருந்தது. பின்கம்பியிலிருந்து கறுப்பாக ஏதோ தொங்கி, நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கத்தில் பாதியை மறைத்திருந்தது. நிழல் என்று நினைத்தேன். நிழலின் நுனியில் வெள்ளையாக ஒரு சோழி இருந்தது.

எட்டு. அது மூன்று இல்லை, எட்டு! எட்டின் இடது பாதியைக் கயிறு மறைத்துவிட்டது. மிச்சம் இருந்தது அச்சு அசல் மூன்று. மெஷினில் மூன்று என்று போட்டிருப்பார்கள், அதே கம்பெனி வண்டி, அதே மெரூன் என்று வந்திருக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

"யோவ், எட்டுய்யா! இது எட்டு!" என்று கத்தினேன். அன்பு சோப்பு நுரையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன். என் தலைமேல் இருந்த அபராதம் போய்விடும் என்பதற்காக நான் குதிக்கவில்லை. அது பேச்சியின் தலையில் போய் விழும் என்பதற்காகத்தான் குதித்தேன். வெள்ளிக்கிழமை அவள் வயிற்று வலி என்று லீவு போட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வயிற்று வலிக்காரிக்குக் கோயில் தெருவில் என்ன வேலை? என் கண்ணுக்குப் பயந்து கட்டின கயிறு, என் பெயரிலேயே அபராதத்தைக் கொண்டு வந்து விட்டிருக்கிறது. இருடி, உனக்கு வைக்கிறேன் என்று நினைத்தபடி அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே டவுனுக்குப் போனேன். கோயிலுக்கு வந்த கூட்டத்தில் வண்டி நகரவில்லை. ரவுண்டானா பக்கத்து போலீஸ் பூத்தில் இருந்த ஏட்டு பெயர் முனிரத்தினம். போட்டோவைக் காட்டி, கீறல் இல்லை, கயிறு, சோழி, எட்டு என்று மூச்சு விடாமல் சொன்னேன். என் வண்டியையும் காட்டினேன். அவர் டீயை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நா டூட்டில இருந்தேன் சார். கம்பெனில பஞ்ச் பண்ணது கீது, வேணும்னா பாருங்க" என்றேன்.

"நீ டூட்டில இருந்தா இன்னாம்மா? வண்டிய உன் வூட்டுக்காரரு எடுத்துகினு வந்திருக்கலாம், மச்சான் எடுத்துகினு வந்திருக்கலாம். கீறல கூட நேத்து போட்டிருக்கலாம். ஃபைனு வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல."

"அப்போ நா இன்னாதான் சார் பண்றது?"

"அந்த வண்டிய கயித்தோட கொண்டா. வண்டிக்காரம்மாவும் வரணும். ஆமாங்க, நாந்தான் நிறுத்தினேன்னு அது வாயால சொல்லணும். இன்ஸ்பெக்டர் ஐயா இன்னிக்கு பன்னெண்டு மணி வரைக்கும்தான் இருப்பாரு. அதுக்குள்ள வந்தா உன் பேர்ல கீறத அடிச்சிட்டு அதும் பேர்ல போட்டுடலாம். இல்லன்னா நாளைக்கு மத்தியானம்தான்."

நாளைக்கு மத்தியானம் என்றால் என் கதை முடிந்திருக்கும்.

வெயிலில் வண்டிமேல் உட்கார்ந்தேன். எனக்கு வந்த நிலைமையைப் பாருங்கள். பேச்சியே வந்து, தன் வாயால், நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் பெயர் அடிபடும், எனக்கு வேலை கிடைக்கும். எந்தப் பைத்தியக்காரி வருவாள்? நானாக இருந்தால் கதவையே திறந்திருக்க மாட்டேன். ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவளிடம் போய், உனக்கு வர வேண்டியதை எனக்குக் கொடு என்று கேட்க வேண்டும். போகாமல் இருந்துவிடலாமா என்றும் பார்த்தேன். எட்டு வருடம் கண் நோக நோக வயர் பார்த்தது கண்முன்னால் வந்து நின்றது. வண்டியைக் கிளப்பினேன்.

வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில், கம்பெனிப் பெண்களுக்கென்றே கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற மாடி வீட்டில் பேச்சி இருந்தாள். படிக்கட்டுக் கம்பி முழுக்க யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. கீழே அவள் வண்டி. கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அதை ஒரு இழுப்பு இழுத்துவிடலாமா என்று கை வந்தது. கயிறு இல்லாவிட்டால் எனக்கு சாட்சி இல்லை என்று கையை மடக்கிக்கொண்டேன்.

பேச்சி தலையில் ஈரத் துண்டோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"வாங்கக்கா. என்ன, திடீர்னு?"

பக்குவமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது.

"யாரு கண்ணுக்குடி அந்த கயித்த கட்டின?"

"அது... அம்மா குடுத்து விட்டா. சும்மா கட்டுனதுதான்."

"கதை வுடாத. மூஞ்ச பாத்து சொல்லு."

பேச்சி துண்டை அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ஒங்க கண்ணுக்குத்தான்க்கா."

செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டு இரண்டு திருப்பிக் கொடுத்திருப்பேன். இதற்கு எனக்குக் கேட்கத்தான் வந்தது.

"நா உனக்கு இன்னாடி பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. நீங்க நல்லவங்கதான். மொத நாளு சோறு போட்டது நீங்கதான், அத நான் மறக்கல. ஆனா ஒங்க கண்ணு இருக்குல்லா, அது நீங்க சொன்னாலும் கேக்காது. வண்டி புதுசா இருக்குன்னீங்க, மறுநாளே மணல்ல கெடந்தேன். பயந்துட்டேன்."

மேல்மாடியில் எந்தப் பெண்ணோ பக்கெட்டை வைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தாள். எனக்கு அழுகை முட்டியது. அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே குரலை உயர்த்தி, போட்டோவைக் காட்டி, ஏட்டு சொன்னதையெல்லாம் சொன்னேன். கடைசியில் மறைக்காமல் அதையும் சொன்னேன்.

"நீ வந்து சொன்னா உன் பேரு போயிடும் பேச்சி. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் வெக்கத்த வுட்டு வந்து நிக்கிறேன்."

அவள் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். கட்டை விரலால் அந்த மூன்றை மூடினாள், திறந்தாள்.

"இருங்க, தலய தொவட்டிட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு முனகல் இல்லை. நான் படியில் நின்று, இனிமேல்தான் கதவைச் சாத்தப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுடிதார் மாற்றிக்கொண்டு, சாவியோடு வந்து நின்றாள்.

அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் கயிறு ஆடியது. எட்டு, மூன்று, எட்டு, மூன்று. எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. ஏற்கெனவே வண்டி பளபளப்பு, சிரிப்பு, கருப்பட்டி மிட்டாய் எல்லாம் அவளுக்குத்தான். இப்போது விட்டுக்கொடுத்த மகராசி என்ற பெயரும் அவளுக்கே வேண்டுமா? நாளைக்கு லைனில் என்ன பேசுவார்கள்? செந்தாமரைக்கு வேலை கிடைத்தது என்றா பேசுவார்கள்? பேச்சி கொடுத்தாள் என்றுதான் பேசுவார்கள். ஆயுசு முழுக்க அந்த வேலையை அவள் கொடுத்த வேலையாகத்தான் பார்க்க வேண்டும். பிள்ளைப்பாக்கம் வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை என்பது வேறு.

பூத்தில் முனிரத்தினம் பேனாவால் கயிற்றைத் தூக்கினார். "எட்டு" என்றார். விட்டார். "மூணு. அட, ஆமா!" மறுபடி தூக்கி, மறுபடி விட்டு, பக்கத்துப் பூக்கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏம்மா, நீதான் நிறுத்தினியா?"

"ஆமா சார். நாந்தான்."

"போர்டு அம்மாம் பெருசா கீது, அதுங்கீழயே நிறுத்திட்டுப் போற. அப்படி இன்னா அவசரம்?"

"ஜெராக்ஸ் எடுக்கப் போனேன் சார். கடயில கூட்டம், நேரமாயிட்டு."

"இன்னா ஜெராக்ஸு?" அவர் மெஷினைத் தட்டிக்கொண்டே சும்மாதான் கேட்டார்.

பேச்சி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். "சர்ட்டிபிகேட் சார். வேற கம்பெனியில இன்டர்வியூ."

"கெடச்சிதா?"

"கெடச்சிட்டு சார். லைன் லீடராத்தான் எடுத்திருக்காவ."

வயிற்று வலி! இதற்குத்தானா அந்த வயிற்று வலி! நான் இந்தப் பக்கம் ஒரு வேலைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் அந்தப் பக்கம் அதே வேலையை வேறு இடத்தில் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு மாதமாக நான் எரிந்தது, சாப்பாடு இறங்காமல் இருந்தது, எல்லாம் அவள் வேண்டாம் என்று விட்டுப்போகிற ஒன்றுக்காக. அவள் எழுந்துபோன இலையில் நான் உட்காரப் போகிறேன்.

"எப்போ சேரணும்?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒண்ணாந்தேதி. நாளைக்கு ஹேமந்த் சார்ட்ட சொல்லி எம்பேர எடுத்துருங்கன்னு சொல்லணும். ஒங்களுக்கும் சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்கதான் பேசவே மாட்டேங்கீங்களே."

"சம்பளம் ஜாஸ்தியா?"

"கொஞ்சம்க்கா."

"பஸ்ஸு உண்டா?"

"இருக்குக்கா."

வேறு எதையாவது கேட்டிருக்கலாம். வேலை நேரம், சாப்பாடு, தங்குமிடம் என்று கேட்பதற்கு எத்தனை இருக்கிறது. என் வாய் அதைத்தான் கேட்டது.

"ஏசியா?"

பேச்சி தரையைப் பார்த்தாள். "ஏசிதான்க்கா."

ஏசி பஸ்! ஜன்னலில் திரைகூடப் போட்டிருப்பார்கள். பிறகு, நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அந்த வேலை கெடைக்கலன்னா, இன்னிக்கு என்கூட வந்திருப்பியாடி?"

அவள் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள்.

"அது தெரியலக்கா" என்றாள்.

வந்திருப்பேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு அறை விட்டிருப்பேன். தெரியல என்றதும் எனக்குள் ஏதோ இறங்கியது. அவளும் ஒன்றும் மகராசி இல்லை. என்னை மாதிரிதான்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், தலையை ஆட்டினார். என் போனில் மெசேஜ் வந்தது: அபராதம் ரத்து. அடுத்த நிமிடம் பேச்சியின் போனில் மெசேஜ் வந்தது. அவள் அங்கேயே நின்று கட்டினாள். நான் பாதி தருகிறேன் என்று வாய்வரைக்கும் வந்தது. வாயைத் தாண்டவில்லை.

"இந்தாம்மா, கயித்த அவுத்துடு. நம்பர மறைச்சா அதுக்குத் தனி ஃபைனு" என்றார் முனிரத்தினம்.

பேச்சியின் கை முடிச்சின்மேலேயே நின்றது. "சார், முன்னாடி கட்டிக்கிடட்டுமா?"

"முன்னாடியும் நம்பரு கீதேம்மா. அவுரு, அவுரு."

அவிழ்த்தாள். அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டக் கூடாது, முச்சந்தியில்தான் போட வேண்டும். அதனால் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்தாள். புதுக் கயிறு இனிமேல் ஊரிலிருந்துதான் வர வேண்டும். அதுவரைக்கும் வண்டி மொட்டையாகத்தான் ஓடும். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாய் இருக்கிற வீட்டைத் தாண்டும்போது பார்ப்போமே, அந்தப் பார்வை.

அது எனக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கண்ணுக்குப் பயந்து, நான் சோறு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்ட பெண், எனக்கு முன்னால் வண்டியைக் கிளப்பத் தயங்குகிறாள்.

"எறங்குடி" என்றேன்.

"என்னக்கா?"

"எறங்கி இப்படி வந்து நில்லுடின்னா! கெழக்க பாரு."

இறங்கி நின்றாள். நான் இரண்டு கையையும் அவள் தலையிலிருந்து தாடை வரைக்கும் இறக்கிச் சுற்றினேன். ரோடு என்று பார்க்கவில்லை, ஏட்டு நிற்கிறார் என்று பார்க்கவில்லை, பூக்கடைக்காரர் வாயைப் பிளந்ததையும் பார்க்கவில்லை.

"ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, லைன்ல கீற அத்தினி பேரு கண்ணு, இந்தப் பாழாப்போன செந்தாமர கண்ணு, எல்லாம் போவட்டும். போற எடத்துல என் புள்ள நல்லாயிருக்கட்டும்."

கையைத் திருப்பி என் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தேன். எங்கள் பக்கத்தில் எத்தனை விரல் முறிகிறதோ அத்தனை கண் பட்டிருக்கிறது என்று சொல்வோம். சடசடவென்று முறிந்தது, பட்டாசுச் சரம் மாதிரி. பேச்சி மிரண்டுபோய் ஒரு அடி பின்னால் போனாள்.

"யம்மாடி! இம்மாங் கண்ணா?" என்றார் முனிரத்தினம்.

"அத்தினியும் என்னுதுதான் சார்" என்றேன். சொல்லும்போதே என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பேச்சி சிரித்தாள், பிறகு அவளும் அழுதாள், பிறகு மறுபடி சிரித்தாள். "எக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"இந்த சுண்டு விரலு முறியலயேக்கா. அது யாரு கண்ணு?"

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.

"அது ஏசி பஸ்ஸுக்குடி. அது மட்டும் என்கிட்டயே இருக்கட்டும், நீ கெளம்பு."